பதினான்காவது கேள்வி

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நானும் தையல் மிஷினும் நலம். உங்கள் முழங்கையில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டதா?

அம்மாவை அந்த வரியில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. பதறாமல் படியுங்கள். சீருடை தைக்கக் கொடுக்கும் கம்பெனியில் போன வாரம் எல்லாத் தையல்காரர்களுக்கும் உடல் பரிசோதனை நடந்தது. மற்றவர்களின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் கேட்ட டாக்டர், அம்மாவுக்கு மட்டும் ஐந்து நிமிடம் கேட்டாராம். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிறவியிலிருந்தே இருக்கிறதாம். முப்பத்தேழு வருடமாக அதை வைத்துக்கொண்டுதான் அம்மா மிஷின் மிதித்திருக்கிறாள். பதினெட்டு மில்லிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். "கோட்டுப் பொத்தான் அளவுதானே" என்றாள் அம்மா.

மாடி ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று பைக்குள் சாவி தேடுவாளே, அது சாவி தேடுவதில்லை அப்பா. மூச்சு வாங்குவதற்காக நிற்பது. எத்தனை வருடம் நானும் பக்கத்தில் நின்று தேடியிருக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. நெஞ்சைத் திறக்க வேண்டாமாம். தொடையில் ஓடும் இரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதயம் வரை கொண்டுபோய், அதற்குள் மடக்கிவைத்த ஒரு சிறு மூடியை ஓட்டையின் இரண்டு பக்கமும் விரித்துவிடுவார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஜூலை 22 காலை என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

"நெஞ்சைப் பிளக்க மாட்டீங்கல்ல?" என்று அம்மா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தொடையில ஒரு புள்ளிதாம்மா" என்றார்.

பாலத்தில் இடுப்புப் பட்டை மாட்டாமல் ஏறாதீர்கள்.

உங்கள் மகள்

ஜூன் 13

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நான் நலம். முழங்கை ஆறிவிட்டது. நீயும் மிஷினும் நலம் என்று படித்துச் சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

உன் கடிதத்தை நேற்று வேனில் வந்த டிரைவர் கொடுத்தார். நான்கு முறை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "வீட்டுல என்னப்பா?" என்று கேட்டார். "என் சம்சாரத்துக்கு இதயத்துல ஒரு ஓட்டையாம், அடைக்கணுமாம்" என்றேன். "வெல்டர் பொண்டாட்டி இதயத்து ஓட்டையை வேற ஆள் அடைக்கிறதா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு அவர் தன் பங்கு டீயையும் எனக்கே ஊற்றினார்.

பாலத்தின் நடுப்பகுதியை இணைக்கும் வேலை நடக்கிறது. இந்த இணைப்பைச் செய்யச் சான்று பெற்றவர்கள் நானும் இன்னொருவரும்தான். ஜூலை 19-க்குள் முடித்துவிட்டு 20-ஆம் தேதி வேனைப் பிடிப்பேன். இந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது என்பது உனக்குத் தெரியும். ஆபீஸ் தொலைபேசி எண்ணை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்.

அம்மா தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது. டாக்டர் சொல்வதை எல்லாம் எழுதிவை. புரியாததைக் கேள். கேட்பதற்கு உனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அப்பா

ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மா தன்னையும் நலம் என்றே எழுதச் சொல்கிறாள். அவள் சொன்னபடி எழுதிவிட்டேன்.

நேற்று மறுபடி போனோம். அம்மா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டாள். அதனால் படிவத்தை நான்தான் நிரப்பினேன். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். சர்க்கரை உண்டா, வலிப்பு உண்டா, பல் ஆடுகிறதா. பதினான்காவது கேள்வி: மருந்து, உணவு, உலோகம் எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா. அம்மா, "இல்லைன்னு போடு" என்றாள். போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நர்ஸ் அக்கா சொன்னார்.

டாக்டர் அந்த மூடியைக் காட்டினார். மெல்லிய கம்பியால் பின்னிய இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் ஓர் இடுப்பு. விரலால் இழுத்தால் நூல் மாதிரி நீண்டு குழாய்க்குள் போய்விடுகிறது. வெளியே தள்ளியதும் தன் உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. கம்பிக்கு ஞாபகம் உண்டு என்றார். ஆறு மாதத்தில் அதன்மேல் நம் தசையே வளர்ந்து மூடிவிடுமாம். என்ன உலோகம் என்று கேட்டேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது என்றார்.

பள்ளியில் இப்போது உலோகங்கள் பாடம் நடக்கிறது. நிக்கல் எந்தெந்தப் பொருள்களில் இருக்கும் என்று எழுதுங்கள். உங்களைவிட யாருக்குத் தெரியும். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 27
(தபாலில் போடாதது)

அப்பா,

இதை நான் அனுப்பப்போவதில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது என்பதால் எழுதுகிறேன். கணக்கு நோட்டின் அட்டைக்குள் இருக்கும்.

பள்ளியில் உலோகங்கள் பாடம் நடக்கவில்லை. போன கடிதத்தில் பொய் சொன்னேன்.

நம் வீட்டில் அம்மாவை எல்லோரும் கேலி செய்வோமே, ராஜ உடம்பு என்று. கவரிங் கம்மல் போட்டால் மறுநாளே காது புண்ணாகி நீர் வடியும். "என் உடம்புக்குத் தங்கம்தான் ஒத்துக்கும், வாங்கித் தர வக்கில்லாத ஆளைக் கட்டிக்கிட்டேன்" என்று அவளும் உங்களைச் சீண்டுவாள். நாமும் சிரிப்போம். படிவத்தில் 'உலோகம்' என்று இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வியாதி என்றே தோன்றவில்லை. அது நம் வீட்டு ஜோக்.

நூலகத்தில் ஒரு தடித்த மருத்துவப் புத்தகம் இருக்கிறது. கவரிங் நகையால் வரும் புண்ணுக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம் என்று அதில் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவின் மேசையைப் பார்த்தேன். கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றியிருக்கிறது. கை வலிக்காமல் இருக்க என்று நினைத்திருந்தேன். ஊக்குகளுக்கும் அவள் பாவாடைக் கொக்கிக்கும் நகப்பூச்சு பூசியிருக்கிறாள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

சொன்னேன். அம்மா மிஷினை நிறுத்தினாள்.

"டாக்டர்கிட்ட சொன்னா என்ன செய்வாங்க?"

"வேற வழி பார்ப்பாங்கம்மா."

"வேற வழின்னா நெஞ்சைப் பிளக்கிறதுதானே?"

அப்போதுதான் அம்மா பெரியம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மாவுக்கு ஒன்பது வயது, பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு. பெரியம்மாவுக்கும் இதே மாதிரி இதயத்தில் கோளாறு. நெஞ்சைத் திறக்க உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது ரிப்பனை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்து, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாளாம். அம்மா அந்த ரிப்பனை யாருக்கும் கொடுக்கவே இல்லை.

"கவரிங் புண்ணு பத்து நாள்ல ஆறிடும். நீ வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவுக்கும் எழுதக் கூடாது. என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன், அப்பா. அறிவியல் படிப்பவள் சத்தியத்துக்குப் பயப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அது அம்மாவின் தலை.

சொன்னால் நெஞ்சைத் திறப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் தோலே தாங்காத ஒன்றை இதயத்துக்குள் வைத்துவிடுவார்கள். எது சரி என்று புத்தகத்தில் இல்லை.

ஜூலை 4

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. சாரத்தில் கால் வழுக்குகிறது, பட்டை மாட்டியிருக்கிறேன், கவலைப்படாதே.

நிக்கலைப் பற்றிக் கேட்டாய். பத்தாம் வகுப்பைத் தாண்டாத என்னிடம் பாடம் கேட்கிறாயே என்று காலர் தூக்கிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரரிடமும் படித்துக் காட்டினேன். துருப்பிடிக்காத இரும்பைப் பற்றவைக்க நாங்கள் பயன்படுத்தும் கம்பியில் நூற்றில் ஒன்பது பத்துப் பங்கு நிக்கல்தான். ஊக்கு, கொக்கி, ஜிப், பெல்ட் பக்கிள், பளபளக்கும் கத்தரிக்கோல், சில்லறைக் காசு, கவரிங் நகையின் அடிப்பூச்சு எல்லாவற்றிலும் இருக்கும். கைக்கடிகாரத்தின் முதுகிலும் இருக்கும். கல்யாணமான முதல் வருடம் அம்மாவுக்கு ஒரு ஸ்டீல் கடிகாரம் வாங்கினேன். ஒரே வாரத்தில் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். டயல் பிடிக்கவில்லை போலும். ரோசக்காரி, சொல்லவே இல்லை.

பரீட்சைக்கு இவ்வளவு போதுமா? அம்மா எப்படி இருக்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. மூடியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது.

அப்பா

ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று வந்தது. நலமாக இருங்கள், மழையில் ஏறாதீர்கள்.

உலோகப் பாடம் முடிந்துவிட்டது.

அம்மா என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறாள். கேட்காமலே ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தாள். தினமும் அதைத்தான் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். எனக்கு அது இறுக்கமாக இருக்கிறது. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி. ஒருவருக்குக் கொடுத்த வாக்கை எப்போதாவது மீறலாமா? அவருடைய நல்லதுக்காக என்றால்? அது நல்லதுதானா என்று நமக்கே நிச்சயமாகத் தெரியாவிட்டால்? 22-க்கு முன்னால் பதில் வேண்டும்.

உங்கள் மகள்

ஜூலை 18

அன்புள்ள மகளே,

உன் கடிதம் நேற்றைய வேனில் வந்தது. டிரைவர் மலைச்சரிவைப் பார்த்துப் பயந்து பத்தே நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார். பதில் எழுத நேரம் இல்லை. இன்று அந்தச் சாலை இல்லை, சரிந்துவிட்டது. ஆபீஸ் தொலைபேசியும் செத்துவிட்டது.

எந்த வாக்கு, யாருக்கு என்று நீ எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் எழுதி அனுப்பிய பட்டியலை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடிகாரம் வந்ததும் நின்றுவிட்டேன். டயல் பிடிக்காமல் கழற்றினாள் என்று பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மணிக்கட்டில் ஒரு வட்டம் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டதற்குச் சூடு பட்டது என்றாள். காதில் ஆறாத புண். பூச்சு பூசிய கொக்கி. தினமும் உலோகத்தோடு வேலை செய்கிறவன் வீட்டில் இருப்பதைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் சொல்லிவிடு. அந்த வாக்கை நான் வாங்கிக்கொள்கிறேன், என் தலையில் இருக்கட்டும்.

இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. மழை விட்டதும் நடந்தே மெயின் ரோட்டுக்குப் போய்த் தொலைபேசியில் கூப்பிடுவேன். இப்போது யாரையும் வெளியே விடமாட்டேன் என்கிறார் இன்ஜினியர்.

அப்பா

ஜூலை 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. 20-ஆம் தேதி நீங்களும் வரவில்லை. சாலை சரிந்ததைப் பேப்பரில் பார்த்தோம். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

21-ஆம் தேதி அம்மாவைச் சேர்த்தார்கள். கீழ்வீட்டு அத்தை துணைக்கு வந்தார். நேற்றுக் காலை ஏழரை மணிக்கு அம்மாவுக்குப் பச்சை அங்கி மாட்டினார்கள். கழுத்துத் தாலியை அவள் தானே கழற்றி என் கையில் கொடுத்தாள். "வந்து வாங்கிக்கறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது.

தள்ளுவண்டி வந்தது. கிளம்புவதற்கு முன் நர்ஸ் அக்கா படிவத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பக் கேட்டார். அது அங்கே வழக்கமாம். எப்போது சாப்பிட்டீர்கள், பல் ஆடுகிறதா, எந்தக் கால். பதினான்காவது கேள்வியை வாசித்தார். அம்மா என்னைப் பார்க்காமல் "இல்லை" என்றாள். நர்ஸ் அக்கா என் பக்கம் திரும்பி, "அழகா எழுதியிருக்கியே, நீதானே எழுதினது?" என்றார்.

தாலி என் கைக்குள் சூடாக இருந்தது. அந்த 'இல்லை'க்கு நான் போட்ட சுழியைப் பார்த்தேன்.

"நான் எழுதினது தப்பு" என்றேன். "அம்மாவுக்குக் கவரிங் ஒத்துக்காது. கொக்கிகூட ஒத்துக்காது. நிக்கல்."

அவர் படிவத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். தள்ளுவண்டிக்காரர் சக்கரத்தைப் பூட்டினார். டாக்டரே கீழே வந்து அம்மாவின் காது மடலையும் மணிக்கட்டையும் விளக்கடியில் பார்த்தார். இன்று வேண்டாம் என்றார்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கிட்டே போனபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என் தலைல அடிச்ச சத்தியம்."

அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. கீழ்வீட்டு அத்தையிடம், "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க அம்மாவின் முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக உலோகங்களை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டிவருமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். முடிவு வரட்டும் என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

நான் சரியாகச் செய்தேனா அப்பா?

உங்கள் மகள்

ஜூலை 30

அன்புள்ள மகளே,

உன் கடிதத்தை இன்றுதான் ஆள் நடந்து கொண்டுவந்து கொடுத்தார். நான் நலம்.

22-ஆம் தேதி விடியற்காலை மழை விட்டது. பதினோரு கிலோமீட்டர். பாதி தூரம் சேறு, பாதி தூரம் பாறை. மெயின் ரோட்டுக் கடையில் தொலைபேசியை எடுத்தபோது மணி பதினொன்று. 18-ஆம் தேதி எழுதிய கடிதத்தை அங்கேதான் பெட்டியில் போட்டேன். உனக்கு இதற்குள் கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த பெண்ணிடம் அம்மாவின் பெயரைச் சொன்னேன். பட்டியலைப் பார்த்துவிட்டு, "அவங்க எட்டரைக்கே போட்டிருக்காங்களே, இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றார். கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டு, வார்டுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நர்ஸ் பேசினார். "நிறுத்திட்டோம் சார். உங்க பொண்ணு சொல்லிடுச்சு" என்றார். நாள் தள்ளிப்போனதால், பாதியில் நிற்கும் இணைப்பை முடிக்க வந்த வழியே நடந்து திரும்பினேன்.

சரியாகச் செய்தேனா என்று கேட்கிறாய். நான் இரண்டரை மணி நேரம் தாமதம். அவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது.

அப்பா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்துக் கிடைத்தன. நான் நலம். கால் கொப்புளத்துக்கு மருந்து போடுங்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் கொப்புளம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிக்கல் ஒட்டிய இடம் அம்மாவின் முதுகில் சதுரமாகச் சிவந்து, தடித்து, நீர் கோத்துக்கொண்டது. மற்ற இடமெல்லாம் சும்மா இருந்தது. டாக்டர் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். இப்படித் தோல் உள்ள பலருக்கு அந்த மூடி ஒரு தொல்லையும் கொடுப்பதில்லையாம். யாருக்குக் கொடுக்கும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். "வெச்ச பிறகு உடம்பு ஏத்துக்கலைன்னா அதை வெளியே எடுக்கணும். எடுக்கறதுக்கு நெஞ்சைத்தாம்மா திறக்கணும்" என்றார்.

அம்மா கத்தரிக்கோல் பிடிக்கும் தன் விரல்களைத் தடவிக்கொண்டாள்.

கம்பியின்மேல் ஒரு பூச்சு பூசிய மூடி இருக்கிறதாம். நிக்கல் கசிவதை அது வெகுவாகக் குறைக்குமாம். இங்கே இருப்பில் இல்லை, வரவழைக்க மூன்று வாரம் ஆகும். தொடை வழியாகவே வைக்கலாம். படத்தைக் காட்டினார். அப்பா, அது தங்க நிறம். அம்மா படத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு பதினைந்து நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

"உங்க அப்பாவுக்கு எழுது. வாங்கித் தர வக்கில்லைன்னு நினைச்சேன், ஆஸ்பத்திரியே போடுதுன்னு."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 14

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நலம். கொப்புளம் உண்மைதான்.

அந்தத் தங்க நிறம் எனக்குத் தெரியும். என் பெட்டியில் இரும்பில் துளை போடும் பிட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் சிலவற்றுக்கு அதே நிறத்தில் பூச்சு இருக்கும். டைட்டானியத்தால் செய்கிற பூச்சு. எத்தனை துளை போட்டாலும் லேசில் தேயாது. துளை போடுவதற்குப் பூசுவதைத் துளை அடைக்கவும் பூசுகிறார்கள் பார். அம்மாவிடம் தங்கம் இல்லை என்று சொல்லிவிடாதே.

நடு இணைப்பு முடிந்துவிட்டது. 27-ஆம் தேதி நான் வாசலில் நிற்பேன். தாலியை இந்தத் தடவை நான் வைத்துக்கொள்கிறேன்.

அப்பா

அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அம்மா நலம். அடுத்தபடியாக நானும் மிஷினும் நலம். நீங்கள் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது.

நேற்று ஒரு மாதப் பரிசோதனை. மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, ஓட்டை வழியாக இரத்தம் போகவில்லை என்று எக்கோவில் பார்த்துச் சொன்னார்கள். தோலில் தடிப்பு ஒன்றும் இல்லை. மாத்திரையை மட்டும் இன்னும் ஐந்து மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

திரும்பி வரும்போது அம்மா இரண்டாம் மாடியில் வழக்கம்போல நின்று பைக்குள் கையை விட்டாள். அவள் சாவியை எடுத்து ஒரு நிமிடம் பார்த்தாள். "எதுக்கு நின்னேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள். நான்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கதவைத் திறந்ததும், "சத்தியத்தை உடைச்சியே, என் தலை என்ன ஆச்சு பார்த்தியா?" என்றாள். தன் தலையைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றாள். அன்று தைத்துக் கொடுத்த பாவாடையை வாங்கி இடுப்பில் ஓர் அங்குலம் பிரித்துவிட்டாள்.

இதனுடன் ஜூன் 27-ஆம் தேதி எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அம்மாவே அனுப்பச் சொன்னாள். அவள் படித்துவிட்டாள். ரிப்பனைப் பற்றிய வரியில் ஓர் ஈரப் பொட்டு இருக்கும். அது என்னுடையது இல்லை.

ஆஸ்பத்திரியில் நேற்றும் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தாள். துணி வெட்டுவதற்குக் கோடு போடுகிற மாதிரி மெதுவாக, அழுத்தி எழுதினாள். பதினான்காவது கேள்விக்குக் கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். அதை உங்களுக்காக அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன்:

"உண்டு. நிக்கல். கவரிங், கொக்கி, கடிகாரம். தங்கம் ஒத்துக்கொள்ளும்."

உங்கள் மகள்